தைரொயிட் நோயாளி விமானி ஆகலாமா?

மன்னார்த் தீவினருக்குப் பிரயாணம் என்றவுடன் நினைவுக்கு வருவது கடல். 1914ஆம் ஆண்டில் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கிய நாள் முதல், 1964ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் புயல் தனுஷ்கோடியை விழுங்கும் வரை, இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடைப்பட்ட பெருவழி இத்தீவின் ஊடாகவே சென்றது. ஆகாய மார்க்கமோ வேறிடத்தில் திறந்தது. 1947ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆந் திகதி எயர் சிலோன் விமானம் ஒன்று இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறையில் இறங்கி, அப்பால் சென்னைக்குப் பறந்தது. 2019ஆம் ஆண்டு ஒக்டோபர் முதல் பலாலி சர்வதேச விமான நிலையமாக விளங்குகிறது. மன்னாரில் பிரயாணிகள் விமான நிலையம் இல்லை. ஆயினும் பிள்ளைகளின் ஆசைக்கு ஓடுபாதை எதற்கு? ஆண்டுதோறும் வங்காலைக் கழிமுகத்தில் பூநாரைகள் கூட்டமாக வந்து இறங்குவதைப் பார்த்து வளரும் பிள்ளைகள், பறப்பதைப் பற்றி நினையாதிருந்தாற்றான் ஆச்சரியம்.

அத்தகைய பிள்ளை ஒன்று பேசாலையிலோ முருங்கனிலோ உயர்தர வகுப்பிற் படிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணிதமும் பௌதிகமும் நன்றாக வருகின்றன. விமானி ஆகவேண்டும் என்ற எண்ணம் உறுதிப்பட்டிருக்கிறது. அவ்வேளையில் சில மாதங்களாக உடற்சோர்வு, எந்நேரமும் தூக்கம், காரணமின்றி உடல் பருத்தல். வைத்தியரிடம் காட்டினால், இரத்தம் எடுத்துப் பார்த்து, தைரொயிட் சுரப்பி குறைவாக வேலை செய்கிறது என்கிறார். நாள்தோறும் ஒரு குளிசை, அநேகமாக வாழ்நாள் முழுவதும்.

இந்த இடத்தில் நம்மவர் குடும்பங்கள் இரண்டு முடிவுகளில் ஒன்றுக்கு வந்துவிடுகின்றன. "வருத்தக்காரப் பிள்ளைக்கு விமானம் எதற்கு?" என்று ஆசையையே புதைத்துவிடுவது ஒன்று. "வெளியிலே சொல்லாதேயுங்கோ, குளிசை போடுகிறது ஒருவருக்கும் தெரியவேண்டாம்" என்று நோயை மறைத்துவிடுவது மற்றொன்று. இரண்டும் பிழை. முதலாவது முடிவு ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைக் கெடுக்கும். இரண்டாவது அதனினும் கொடியது. ஏனென்று கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொண்டையின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சியைப் போல அமைந்திருப்பது தைரொயிட் சுரப்பி. கேடயச் சுரப்பி என்றும் சொல்வர். வளர்ந்தவர்களில் ஏறத்தாழ 20 கிராம் எடை இருக்கலாம். ஆயினும் உடலெங்கும் எரிபொருள் எவ்வளவு வேகமாக எரியவேண்டும் என்பதை நிர்ணயிப்பது இச்சிறு உறுப்பே. இருதயம் துடிக்கும் வேகம், உடலின் சூடு, குடலின் அசைவு, சிந்தையின் சுறுசுறுப்பு ஆகிய யாவும் அது சுரக்கும் தைரொக்சினைப் பொறுத்தவை. அச்சுரப்பு குறைந்தால் மனிதன் மெல்ல மெல்ல மந்தமடைகிறான். சித்திரை மாத வெயிலிலும் போர்வை தேடுவான். குரல் கரகரக்கும், மலம் இறுகும், நாடி தளரும், நேற்றுச் சொன்னது இன்று மறந்துபோகும். சுரப்பு மிகுந்தாலோ எல்லாம் தலைகீழ். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், நன்றாகச் சாப்பிட்டும் உடல் மெலியும், உறக்கம் வராது. சிலருக்குக் கண்கள் பிதுங்கி, ஒரு பொருள் இரண்டாகத் தோன்றும்.

தைரொக்சின் உண்டாவதற்கு அயடீன் வேண்டும். 1811ஆம் ஆண்டில் பேர்னார்ட் கூர்த்துவா என்ற பிரெஞ்சுக்காரர் அயடீனை முதன்முதலிற் கண்டது கடற்பாசியைச் சுட்ட சாம்பலில். கடலும் பாசியும் சூழ்ந்த மன்னாரில் அயடீனுக்குப் பஞ்சமா என்று கேட்பது இயல்பு. இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்தியாகவேண்டும். மன்னாரில் உப்பளம் உண்டு. வெயிலிற் காய்ந்து விளையும் கல்லுப்பைக் கடல் தந்த வரமென்று கருதுவோர் பலர். ஆனால் கடல்நீர் வற்றி உப்புப் படியும்போது அயடீன் அதனோடு சேர்ந்து படிவது மிகச் சொற்பம். மீனிலும் கணவாயிலும் இறாலிலும் அயடீன் உண்டு. வெறுங் கல்லுப்பில் அது பெயரளவுக்கே உண்டு. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய அளவோ ஏறக்குறைய 150 மைக்குரோகிராம், அதாவது ஒரு கிராமில் ஆறாயிரத்துச் சொச்சத்தில் ஒரு பங்கு. இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்தில், குறிப்பாகக் களுத்துறை போன்ற பகுதிகளில், கண்டக்கழலை பரவலாகக் காணப்பட்டது. அதனைத் தடுக்கவே 1990களின் நடுப்பகுதியில் உப்புக்கு அயடீன் ஊட்டுவது நாடெங்கும் கட்டாயமாக்கப்பட்டது. ஆகவே கடற்கரையிற் குடியிருக்கிறோம் என்ற தைரியத்தில் அயடீன் ஊட்டிய உப்பை விட்டு உப்பளத்து உப்பை வாங்கும் இல்லத்தரசிகள் சற்று யோசித்தல் நலம்.

அயடீன் போதிய அளவு கிடைத்தும் நோய் வருவதுண்டு. உடலின் காவற் படையே வழி தவறித் தன் சுரப்பியைத் தாக்கும் ஒரு வியாதி உண்டு. அதனை 1912ஆம் ஆண்டில் ஹக்காரு ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய வைத்தியர் நான்கு பெண் நோயாளிகளிடத்துக் கண்டு விவரித்தார். இன்றும் அது அவர் பெயரால் வழங்குகிறது. அயடீன் குறைவற்ற இடங்களில் தைரொயிட் குறைவுக்கு முதற் காரணம் இதுதான். ஆண்களைவிடப் பெண்களுக்குப் பன்மடங்கு அதிகமாக வருகிறது. இதற்கு அயடீன் துளிகளோ கடற்பாசி மாத்திரைகளோ மருந்தாகா. சிலருக்கு அவை தீங்கும் செய்யும்.

இனி விமானத்திற்கு வருவோம். சாரதி ஒருவருக்கு வழியில் உடல்நிலை கெட்டால் வாகனத்தை ஓரங்கட்டி நிறுத்தலாம். ஆகாயத்தில் ஓரம் இல்லை. எனவேதான் விமானியின் உடலையும் விமானத்தின் இயந்திரத்தைப் போலவே குறித்த காலந்தோறும் சோதிக்கிறார்கள். 1944ஆம் ஆண்டில் சிக்காகோவிற் செய்யப்பட்ட உடன்படிக்கையின் வழிவந்த சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு இதற்குரிய அளவுகோல்களை வகுத்திருக்கிறது. இலங்கையில் அவற்றை நடைமுறைப்படுத்துவது சிவில் விமானச் சேவைகள் அதிகார சபை. சம்பளத்துக்கு விமானம் ஓட்டுவோருக்கு முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். சொந்த விருப்பத்திற்குப் பறப்போருக்கு இரண்டாம் வகுப்பு போதும். ஆகாயப் போக்குவரத்தைத் தரையிலிருந்து நெறிப்படுத்தும் கட்டுப்பாட்டாளர்களுக்கு மூன்றாம் வகுப்பு. சர்வதேச விதிப்படி முதலாம் வகுப்புச் சான்றிதழ் பொதுவாக 12 மாதங்களுக்குச் செல்லும். 60 வயதைக் கடந்தவர்களுக்கு 6 மாதங்களே. கண், காது, இருதயம், நரம்பு, மனம் ஆகிய எல்லாவற்றையும், அதிகார சபை அங்கீகரித்த பரிசோதக வைத்தியர் பார்ப்பார். சாதாரணக் குடும்ப வைத்தியரின் கடிதம் இதற்கு ஈடாகாது.

தைரொயிட் போன்ற சுரப்பி நோய்களைப் பற்றி அவ்விதி கூறுவது என்ன? சுரப்பிக் கோளாறு உள்ள எவரையும் தள்ளிவிடு என்று அது கூறவில்லை. விமானியின் கடமையைப் பத்திரமாகச் செய்வதற்கு இடையூறாகக் கூடிய கோளாறு உள்ளவரே தகுதியற்றவர் என்கிறது. "இடையூறாகக் கூடிய" என்ற சொற்களிலேதான் எல்லாம் தங்கியிருக்கிறது. வெளியூர்களில் இதற்கு எப்படிப் பொருள் கொள்கிறார்கள் என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும். ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகவரகத்தின் வழிகாட்டலின்படி, தைரொயிட் கூடியவரோ குறைந்தவரோ, சுரப்பு நிலை சமனாகி நிலைபெற்ற பின்னரே தகுதியுடையவராகக் கருதப்படலாம். அமெரிக்காவில் இன்னும் ஒரு படி மேலே சென்று, தைரொயிட் குறைவைப் பரிசோதக வைத்தியரே தம் மேசையிலிருந்து தீர்மானித்துச் சான்றிதழ் வழங்கக்கூடிய நோய்களின் வரிசையிற் சேர்த்திருக்கிறார்கள். நோயின் அறிகுறி இல்லாதிருக்கவேண்டும், மருந்தினால் உபத்திரவம் இருக்கக்கூடாது, அண்மைக் காலத்து இரத்தப் பரிசோதனை சரியாக இருக்கவேண்டும். இவ்வளவுதான் அவர்கள் கேட்பது.

இத்தனை தாராளம் ஏன் என்று சிலர் வியக்கலாம். காரணம் நோயின் போக்கிலும் மருந்தின் போக்கிலும் இருக்கிறது. விமானத்துறை வைத்தியர்கள் முதன்மையாக அஞ்சுவது திடீர் மயக்கத்தை. இரண்டு விமானிகள் ஓட்டும் விமானத்தில், ஒருவர் ஓராண்டுக்குள் திடீரெனச் செயலிழக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றைத் தாண்டலாகாது என்பது அவர்களிடையே வழங்கும் ஒரு கணக்கு. தைரொயிட் குறைவு திடீரென ஆளை வீழ்த்தும் நோயன்று. நாளடைவில், மாதக் கணக்கில் ஏறும் மந்தம் அது. மருந்தும் அப்படியே. லெவோதைரொக்சின் குளிசை உடலில் அரைவாசியாகக் குறைய ஏறத்தாழ 7 நாட்கள் செல்லும். ஒரு நாள் மறந்தாலும் மறுநாளே உடல் தடுமாறாது. கொழும்பிலிருந்து இலண்டன் சென்று நேரம் மாறினாலும், எந்த ஊர் மணிக்குப் போடுவது என்று பெரிதாகக் கவலைப்படவேண்டியதில்லை. இன்சுலின் போடும் நீரிழிவுக்காரருக்கு இந்த ஆறுதல் கிடையாது. அவர் ஒரு வேளை உணவு தவறினால் மணிக்கணக்கிலேயே ஆபத்து. இவ்விரண்டையும் ஒரே தராசில் வைத்து, "இரண்டும் வாழ்நாள் வருத்தந்தானே" என்று பேசுவது அறியாமை.

மருந்தின் வரலாறும் சுவையானது. 1891ஆம் ஆண்டில் ஜோர்ஜ் மறே என்ற ஆங்கில வைத்தியர் ஆட்டின் தைரொயிட் சாற்றை ஊசி மூலம் ஏற்றி, நோய் முற்றிய பெண்மணி ஒருவரை எழுப்பி நடமாட வைத்தார். அதன் பின்னர் அப்பெண்மணி 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1914ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று அமெரிக்காவில் எட்வேர்ட் கெண்டல் தைரொக்சினைப் பளிங்காகப் பிரித்தெடுத்தார். 1927ஆம் ஆண்டில் அதனை ஆய்வுகூடத்திலேயே செய்துகாட்டினார்கள். இன்று மருந்துக்கடையில் வாங்கும் சிறு குளிசை, உடல் தானே சுரக்கும் பொருளின் மறுபதிப்பே. இல்லாததை ஈடுசெய்கிறது, புதிதாக ஒன்றை உடலிற் புகுத்தவில்லை. மயக்கமோ தூக்கமோ தரும் மருந்துகளைக் கண்டு விமானத்துறை அஞ்சுவது போல் இதனைக் கண்டு அஞ்சாததற்கு இதுவும் ஒரு காரணம்.

தைரொயிட் மிகுதியாகச் சுரக்கும் நோயோ அவ்வளவு சாதுவானதன்று. இதற்கு உலகறிந்த ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த மூத்த ஜோர்ஜ் புஷ் தம் 19ஆவது பிறந்தநாளுக்குச் சில நாட்கள் முன்னரே கடற்படை விமானியானவர். 1944ஆம் ஆண்டு செப்ரெம்பரில் பசிபிக் கடலின் மேல் அவருடைய விமானம் சுடப்பட்டபோது பரசூற் கட்டிக் குதித்து உயிர் தப்பினார். ஜனாதிபதியாக இருந்த காலத்தில், 1991ஆம் ஆண்டு மே 4ஆந் திகதி, ஓட்டப் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. சோதித்ததில் இருதயம் தாறுமாறாகத் துடிப்பது தெரிந்தது. காரணம் இருதயத்தில் இல்லை. தைரொயிட் அளவுக்கு மீறிச் சுரந்துகொண்டிருந்தது. கதிரியக்க அயடீனைக் கொடுத்துச் சுரப்பியை அடக்கினார்கள். அடக்கிய பின்னர் சுரப்பு போதாமற்போகவே, அவரும் நாள்தோறும் தைரொக்சின் போடுபவரானார். அதற்குப் பின் 1997ஆம் ஆண்டில், 72ஆவது வயதில், மீண்டும் விமானத்திலிருந்து பரசூற்றிற் குதித்தார். 2014ஆம் ஆண்டில் 90ஆவது பிறந்தநாளன்றும் குதித்தார். குதித்தவர் பிரயாணியே, விமானி அல்லர் என்பது மெய்தான். அவருக்குச் சான்றிதழ் கேட்டவரும் இல்லை. ஆனால் நாம் இங்கே கவனிக்க வேண்டியது, அந்தப் படபடப்பு விமான ஆசனத்தில் அமர்ந்திருந்த ஒருவருக்கு வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பது. ஆதலின் சுரப்பு மிகுந்தவர்கள் முழுக் குணமாகி, இருதயமும் கண்ணும் சீராகும் வரை தரையில் நிற்கவேண்டியவர்களே. அதில் வாதத்திற்கு இடமில்லை.

தரையில் நிறுத்தப்பட்டவர் என்றென்றும் தரையிலேயே நிற்பார் என்பதுமில்லை. டொனால்ட் ஸ்லேற்றன் என்பவர் அமெரிக்காவின் முதல் ஏழு விண்வெளி வீரருள் ஒருவர். 1962ஆம் ஆண்டில், ஒழுங்கற்ற இருதயத் துடிப்புக் காரணமாக, பறக்கும் தறுவாயில் அவரைத் தடுத்துவிட்டார்கள். அவர் சண்டை பிடித்துக்கொண்டு போய்விடவில்லை. தரையிலிருந்தே மற்ற வீரர்களைத் தெரிவு செய்யும் பொறுப்பை ஏற்று நடத்தினார். 1972ஆம் ஆண்டில் மீண்டும் தகுதி பெற்று, 1975ஆம் ஆண்டு ஜூலையில், 51ஆவது வயதில் விண்வெளி சென்றார். அவருடைய நோய் வேறு. ஆயினும் வைத்தியரின் தடையைக் கடக்கும் முறை ஒன்றே.

இப்போது மறைப்பவர்களின் விஷயத்திற்கு வருவோம். விண்ணப்பகாரர் ஒவ்வொருவரும் தமக்கு முன்பிருந்த நோய்களையும் உட்கொள்ளும் மருந்துகளையும் எழுதிக் கையொப்பமிட்டுப் பரிசோதக வைத்தியரிடம் கொடுக்கவேண்டும். தைரொயிட் இரத்தப் பரிசோதனை எல்லாருக்கும் செய்யப்பட வேண்டும் என்று சர்வதேச விதியில் இல்லை. அதாவது, சொன்னாலன்றித் தெரியவராது. இங்கேதான் சபலம் தட்டுகிறது. "கேட்கவில்லையே, நாம் ஏன் சொல்லவேண்டும்?" என்ற குரல் வீட்டிலிருந்தே எழுகிறது. நோயை மறைப்பது நம்மவரிடையே புதிய பழக்கமுமன்று. பெண்பிள்ளைக்குத் தைரொயிட் என்று தெரிந்தால் கலியாணப் பேச்சு நின்றுவிடும் என்று அஞ்சி, குளிசைப் போத்தலை அரிசிப் பெட்டிக்குள் ஒளிக்கும் வீடுகள் உண்டு. மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைத்துப் பழகிய கைக்கு, வைத்தியரிடம் மறைப்பது பெரிய காரியமாகத் தோன்றாது. ஆனால் இரண்டும் ஒன்றா?

மறைத்தவர் முதலிற் கெடுப்பது தமது சிகிச்சையை. மருந்துச் சிட்டையைக் காட்டப் பயந்து ஒழுங்காகக் கிளினிக்குக்குப் போகமாட்டார். இரத்தம் சோதிக்கத் தவறுவார். அளவு கூடியதோ குறைந்ததோ தெரியாமல் பழைய அளவையே போட்டுக்கொண்டிருப்பார். சொன்னவருக்குச் சாதுவாயிருக்கும் அதே நோய், மறைத்தவருக்கு மெல்ல மெல்ல ஆபத்தாகிறது. மந்தம் ஏறுவதை நோயாளி தாமே உணர்வது அரிது என்பது இந்நோயின் கபடம். சிந்தை மந்தித்ததை அறிவதற்கும் அந்தச் சிந்தைதானே வேண்டும்! இரவு வேளையில், மழை மேகத்தினூடே, ஓடுபாதையைத் தேடி இறங்கும்போது அரை நொடித் தாமதமும் பெரிது. பின்னால் அமர்ந்திருப்போர் அந்தக் கணக்கை அறியமாட்டார்கள். நம்பி ஏறியவர்கள் அவர்கள்.

சட்டமும் சும்மா இருக்காது. பொய்யான கூற்றுக் கொடுத்தது தெரியவந்தால், பரிசோதக வைத்தியர் அதனை அனுமதிப் பத்திரம் வழங்கும் அதிகாரிகளுக்கு அறிவிக்கவேண்டும் என்பது சர்வதேச விதி. 2023ஆம் ஆண்டில் அமெரிக்காவில், முன்னாள் படைவீரரான ஏறக்குறைய 5000 விமானிகள், உடற்குறைக்கு ஓய்வூதியம் பெற்றுக்கொண்டு அக்குறையை விமானத்துறைக்குச் சொல்லாமல் விட்டார்கள் என்ற சந்தேகத்தில் விசாரிக்கப்பட்ட செய்தி வெளிவந்தது. ஒரு காரியாலயத்துக் கோப்பை மற்றொரு காரியாலயத்துக் கோப்போடு ஒத்துப் பார்த்ததில் வெளிப்பட்டது அது. எல்லாம் கணினியில் ஏறிவரும் இக்காலத்தில், வைத்தியசாலைச் சிட்டை அரிசிப் பெட்டியிற் கிடக்கும் என்று நம்பமுடியாது. சொல்லியிருந்தால் சில வாரத் தாமதத்தோடு கிடைத்திருக்கக்கூடிய சான்றிதழை, சொல்லாமல் விட்டதற்காக இழப்பவரின் நிலையை என்னென்பது?

ஆகவே அந்தப் பேசாலைப் பிள்ளை செய்யவேண்டியது என்ன? சிகிச்சையை முதலில் ஒழுங்குபடுத்திக்கொள்ளவேண்டும். குளிசையை அதிகாலையில் வெறும் வயிற்றில், வெறுந் தண்ணீருடன் போடவேண்டும். நம் வீடுகளில் கண் விழித்ததும் தேநீர். அதுவே இங்கே சத்துரு. தேநீர், கோப்பி, பால் ஆகியவை மருந்து உடலிற் சேர்வதைக் குறைப்பதால், குளிசைக்குப் பின் அரை மணியோ ஒரு மணியோ பொறுத்துத்தான் அருந்தவேண்டும். இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்துக் குளிசைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மன்னார் வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. சூடும் ஈரமும் வெளிச்சமும் இம்மருந்தைக் கெடுக்கும். தகரக் கூரையின் கீழ் யன்னலோரத்தில் வைத்த போத்தல், வெயிலில் நிறுத்திய மோட்டார் சைக்கிளின் பெட்டிக்குள் கிடந்த அட்டை, இவற்றை நம்பமுடியாது. வீட்டின் குளிர்ந்த, உலர்ந்த மூலையில் வைக்கவேண்டும். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். ஒரு மாத மருந்தாவது கையிருப்பில் இருப்பது நல்லது. கடைக்காரர் வேறு கம்பனியின் குளிசையைத் தந்தால் வைத்தியருக்குச் சொல்லவேண்டும். கம்பனி மாறினால் சிலருக்கு அளவும் மாறக்கூடும்.

அளவைத் தொடங்கிய அல்லது மாற்றிய பின்னர், ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்தே ரி.எஸ்.எச். என்னும் இரத்தப் பரிசோதனை உண்மை நிலையைக் காட்டும். அவசரப்பட்டு இரண்டாம் வாரத்தில் எடுப்பது காசுக்குக் கேடு. தலைமயிர் வளர்வதற்கென்று விற்கும் பயோற்றின் மாத்திரைகளை உண்பவர்கள், இரண்டு மூன்று நாட்களுக்கு முன்னரே நிறுத்தாவிடில் பெறுபேறு பிழையாக வரலாம். உடல் மெலியும் என்று எண்ணிச் சொன்ன அளவுக்கு மேல் குளிசை போடுவோரும் உளர். அவர்கள் தாமாகவே மிகைச் சுரப்பு நோயை வரவழைத்துக்கொள்கிறார்கள். புஷ்ஷுக்கு வந்த அந்த இருதயத் தாறுமாறு இவர்களுக்கும் வரலாம்.

பெறுபேறுகள் ஒவ்வொன்றையும் திகதி வாரியாக ஒரு கோப்பில் இட்டுவரவேண்டும். நோய் எப்போது கண்டது, காரணம் யாது, இப்போதைய அளவு என்ன, எத்தனை மாதமாக மாறாதிருக்கிறது, அறிகுறி உண்டா இல்லையா என்று சிகிச்சை செய்யும் வைத்தியரிடம் கடிதம் பெறவேண்டும். கழுத்தில் கட்டி இருந்திருந்தால் அதன் ஸ்கான் அறிக்கையும் வேண்டும். பரிசோதக வைத்தியர் கேட்கும் முன்பே இக்கோப்பை மேசையில் வைப்பவருக்குப் பாதி வேலை முடிந்தது. ஒழுங்காக நோயைப் பராமரிப்பவர் விமானத்தையும் ஒழுங்காகப் பராமரிப்பார் என்று அவர் எண்ணினாலும் எண்ணுவார், அவரும் மனிதர்தாமே! சான்றிதழ் கிடைத்த பின்னரும், உடல் நிலையிற் குறைவு தோன்றியதை உணர்ந்தால் தாமாகவே பறப்பதை நிறுத்தவேண்டும் என்பது விதி. அளவு மாற்றிய வாரங்களில் பரிசோதகரைக் கேட்காமல் பறக்கக்கூடாது.

தீர்ப்பு ஒருவேளை பாதகமாக வந்தால்? அளவுகோலுக்கு முற்றும் பொருந்தாதவருக்கும், அவருடைய குறை விமானப் பாதுகாப்பைப் பாதிக்காது என்று தக்க மருத்துவ நிபுணர்கள் முடிவு செய்தால், நிபந்தனைகளோடு அனுமதி வழங்க சர்வதேச விதி இடந்தருகிறது. ஆகவே முதல் மறுப்பே கடைசி மறுப்பன்று. விமானத்தைப் பழுதுபார்க்கும் பொறியியலாளரின் அனுமதிப் பத்திரத்துக்கோ, சர்வதேச விதியில், விமானிக்குரிய இந்த மருத்துவச் சான்றிதழ் கேட்கப்படுவதில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். விமானப் பயிற்சிக்கு இலட்சக்கணக்கில் செலவாகும். வெளிநாட்டிற் பயின்றால் கோடிக் கணக்கிலும் செல்லும். வள்ளத்தையும் வளவையும் தாலிக்கொடியையும் ஈடு வைத்துப் பயிற்சிக் கட்டணம் கட்டிய பின், மருத்துவப் பரிசோதனையில் பிள்ளை நின்றுவிட்டால் அக்குடும்பம் எழுவது கடினம். ஆதலின் கட்டணத்துக்கு முன்னரே மருத்துவப் பரிசோதனையைச் செய்துவிடவேண்டும். அதுவும் சொந்த விருப்பத்திற்குரிய இரண்டாம் வகுப்போடு திருப்திப்படாமல், தொழிலுக்கு வேண்டிய முதலாம் வகுப்புப் பரிசோதனையையே முதலிற் செய்துகொள்ளவேண்டும். சில பயிற்சி நிலையங்களின் முகவர்கள் "அதெல்லாம் பிறகு பார்க்கலாம்" என்பார்கள். அவர்கள் ஈடு வைப்பது தங்கள் தாலிக்கொடியை அன்று.

தனியார் விமானி அனுமதிப் பத்திரத்துக்கு 17 வயதும், வணிக விமானிக்கு 18 வயதும் நிரம்பியிருக்கவேண்டும். 16 வயதில் நோய் கண்ட பிள்ளைக்கு, 18 ஆவதற்குள் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. அளவு மாறாது நின்ற பின் ஆறு மாதத்திற்கொரு முறை இரத்தம் சோதித்தாலும், நான்கு பெறுபேறுகள் கோப்பில் இருக்கும்.